எந்தத் தண்ணி?

என் ஓரகத்தியின் தங்கை மகளுக்கு மைக்செட்டு என்று பட்டம் வைத்தது வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த மாமியார்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அடுப்படியிலிருந்து, "அத்தை, டீ போடட்டுமா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். மூன்று வீடு தள்ளியிருந்த ஒருவர், "எனக்கும் ஒண்ணு போடும்மா" என்று பதில் சொன்னாராம். "நான் மருமக கேட்டேன், மைக்செட்டு அனுப்பி வெச்சிருக்காங்க" என்றாள் மாமியார். பட்டம் ஒட்டிக்கொண்டது.

அந்தக் குரல் அவளுக்கு வம்சத்தில் வந்தது. அவள் அப்பா காய்கறி மொத்தக் கடையில் ஏலம் கூவியவர். அப்பாவின் அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலை பார்த்தாள். அவள் கூப்பிட்டால் மயக்கத்தில் இருப்பவனும் எழுந்து உட்காருவான் என்று வீட்டில் கேலி பேசுவோம்.

எங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைதான் மைக்செட்டின் தையல் கடை. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் வைப்பது. புதுத் துணி தைக்க யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் போகாமல் படியில் உட்கார்ந்து பேசுவார்கள். மெஷினுக்குப் பக்கத்தில், நூல்கண்டு டப்பாவில் சாய்ந்தபடி அவள் போன் இருக்கும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. ஒரு வருஷம் அது பொங்கி வீடுகளுக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு மைக்செட்டு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருடைய கட்டில் நனைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் தெருக்காரர்கள் எல்லாரையும் சேர்த்து போனில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். எழுதிப் போட்டால் பாதிப் பேருக்குக் கண் தெரியாது, மீதிப் பேருக்கு எழுத்து தெரியாது. அதனால் எல்லாவற்றையும் பேசியே அனுப்புவாள். கரண்ட் எப்போது போகும், கண் டாக்டர் என்றைக்கு வருவார், யார் வீட்டுப் பூனையைக் காணோம். பேப்பரில் ஏதாவது நல்ல செய்தி வந்தால் அதையும் படித்துப் போடுவாள். தையல் மெஷின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அவள் அனுப்பிய அடுத்த நிமிஷம் ஒருவர் குரூப்பில் கேள்வியோடு வந்து நிற்பார். எதிர் வீட்டு டவுட்டு மாமா. பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடமாட்டம் இல்லாத தன் அக்காவோடு கீழ்த்தளத்தில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் கேள்வி கேட்டுக் கேட்டே தட்டிப் போயிற்று என்பார்கள்.

"நாளைக்குக் கண் டாக்டர் வர மாட்டார்" என்று இவள் சொன்னால், "நாளைக்கு மட்டுமா, இனிமேலேவா?" என்பார்.

"கருப்புப் பூனையக் காணோம்" என்றால், "முழுக் கருப்பா, கால்ல கொஞ்சம் வெள்ளை இருக்கா?" என்பார்.

"மாமா, உங்களுக்குப் பதில் சொல்ற நேரத்துல நான் ரெண்டு பேண்டு முடிச்சிருப்பேன்" என்று அலுத்துக்கொள்வாள். ஆனால் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

இவள் குரல் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவித் தாவி, செய்தி கம்பெனி ஒன்றின் காதுக்குப் போயிருக்கிறது. பேப்பர் அச்சடிக்காமல், டிவியும் இல்லாமல், போன் வழியாகவே செய்தி அனுப்புகிற கம்பெனி அது. அங்கிருந்து ஒருவர் வந்தார். வந்ததும், "வணக்கம் மேடம்" என்றார். எங்கள் தெருவில் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதனால் நாங்கள் அவரை மேடம்காரர் என்றே சொன்னோம்.

"உங்க குரல்ல ஒரு நம்பிக்கை இருக்கு மேடம். தினமும் நாங்க எழுதி அனுப்பறதைப் படிச்சுத் தந்தா போதும். இந்த வட்டாரம் முழுக்க உங்க குரல்லதான் செய்தி கேட்கும்."

"எங்க குரூப்பு?"

"அவங்களையும் நம்ம சேனலுக்கு வரச் சொல்லிடுங்க. ரெண்டு இடத்துல ஒரே குரல் வேண்டாம்னு கம்பெனில சொல்றாங்க. சேனல்ல நாம பேசுவோம், அவங்க கேட்பாங்க. சத்தம், சந்தடி எதுவும் இருக்காது."

மேடம்காரர் போன பிறகு அவள் வெகுநேரம் மெஷினை மிதிக்கவில்லை. எனக்குத் தெரியும் அவளை. சின்ன வயதில் மளிகை சுற்றி வந்த பேப்பரைப் பிரித்து, தம்ளரை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "செய்திகள் வாசிப்பது" என்று ஆரம்பிப்பாள். பருப்பு தீர்ந்துவிட்டது என்பதைக்கூட அந்தக் குரலில்தான் அறிவிப்பாள். தம்ளருக்குப் பதில் நிஜ மைக்கையே யாரோ கையில் கொடுத்திருக்கிறார்கள், எப்படி விடுவாள்?

"போகட்டுமா பெரியம்மா?"

"உனக்குப் பிடிச்சிருக்கில்ல, போ."

அவள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். "இனிமே என்னைத் திட்டறதுகூட விளம்பர இடைவேளை விட்டுத்தான் திட்டுவியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

குரூப்பில் கடைசியாகப் பேசினாள். எல்லாரும் கீழே இருக்கிற இணைப்பைத் தொட்டு சேனலுக்கு வந்துவிடுங்கள், இதை மூடப்போகிறேன் என்றாள். டவுட்டு மாமா, "தொட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமலே குரூப்பைப் பூட்டிவிட்டாள்.

"அப்பாடா, டவுட்டுலருந்து விடுதலை" என்று என்னிடம் சொன்னாள்.

சேனலில் அவள் குரல் சலவைக்குப் போட்டு வந்த மாதிரி இருந்தது. மெஷின் சத்தம் இல்லை, இருமல் இல்லை. கதவை அடைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காற்றாடியை நிறுத்திப் பேசி அனுப்புவாளாம். எங்கோ சரிந்த விலை, எங்கோ நடந்த நடிகர் கல்யாணம், நடுவில் மெத்தை விளம்பரம். எனக்குப் பாதி புரியாது, பெருமைக்காகக் கேட்பேன். டவுட்டு மாமாவும் காலையில் வாசலில் நாற்காலி போட்டு, அக்காவுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைப்பார்.

மழைக்காலம் வந்தது. வானம் கறுத்துக் கிடந்த ஒரு நாள், கம்பெனியிலிருந்து எழுதி வந்ததில் இப்படி ஒரு வரி இருந்திருக்கிறது: கால்வாயை ஒட்டிய தெருக்களில் நாளை காலை முதல் தண்ணீர் நிற்கும். பொதுமக்கள் முன்னேற்பாடு செய்துகொள்ளவும்.

படிக்கும்போதே அவளுக்கு ஒரு நொடி தட்டியிருக்கிறது. எந்தத் தண்ணி? மேடம்காரருக்குப் போன் போட்டுக் கேட்கலாமா என்று கையில் எடுத்தாளாம். "டவுட்டு மாமா மாதிரி நாமளும் கேட்டா, இந்தம்மாவுக்கு ஒரு வரி படிக்கத் தெரியலைன்னு நினைச்சுடுவாங்க" என்று வைத்துவிட்டாள். ஜன்னல் போர்வையை விலக்கிப் பார்த்தாள். மேகம் தொங்கிக்கொண்டிருந்தது. சரி, கால்வாய்தான் என்று முடிவு செய்து, தம்ளர் பிடித்த நாளிலிருந்து சேர்த்து வைத்த குரலையெல்லாம் திரட்டிப் படித்தாள். படித்து அனுப்பிவிட்டு, தன் தையல் மெஷினையும் வீட்டுக்காரரை வைத்து, துணி வெட்டுகிற மேஜை மேல் தூக்கி வைத்தாள்.

தெருவே கிளம்பியது. மெத்தையைச் சுருட்டினோம், அரிசி டின்னை அலமாரிக்கு மேலே ஏற்றினோம். வெள்ளம் வந்தால் மிதந்து போகும் என்று, குடம், வாளி, டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு அவற்றையும் மாடிக்குக் கொண்டுபோனோம். நான் கொட்டியது இரண்டு டிரம். டவுட்டு மாமாவின் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் சேர்ந்து மொட்டை மாடி அறைக்குத் தூக்கினார்கள். "மெதுவாடா, நான் என்ன பீரோவா?" என்று அவள் வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

மறுநாள் பளிச்சென்று வெயில் அடித்தது. கால்வாயில் கணுக்கால் அளவுதான் ஓடியது. குழாயைத் திறந்தால் உஸ் என்று காற்று வந்தது. பெரிய குழாயைப் பழுது பார்க்கிறார்களாம், அதனால் குடிநீர் வராதாம். அந்த நீளமான அறிவிப்பைச் சுருக்கி, தண்ணீர் நிற்கும் என்று கம்பெனியில் எழுதிவிட்டார்கள். மொட்டை மாடித் தொட்டியும் மத்தியானத்துக்குள் வறண்டது. படுத்த படுக்கையாக இருக்கிறவளுக்குத் துடைத்துவிட, துணி அலச, ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் டவுட்டு மாமா வீடு வீடாகக் குடத்தோடு ஏறி இறங்கினார். எல்லார் வீட்டுக் குடமும் கவிழ்ந்துதான் கிடந்தது. முதல் நாள் பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி ஏறின அக்கா, அன்றைக்கு நாற்றத்துக்குக் கூசிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

தண்ணீர் வந்த பிறகு டவுட்டு மாமா தையல் கடைக்கு வந்தார். நானும் படியில் இருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எந்தத் தண்ணின்னு கேட்கத்தாம்மா நினைச்சேன்" என்றார். "விரலையும் வெச்சேன். எழுதறதுக்கு இடமே இல்லையேம்மா அதுல."

"நேர்ல வந்து கேட்டிருக்கலாமே மாமா."

"கதவு சாத்தியிருந்துது. நீ செய்தி பேசற நேரம், தட்டக் கூடாதுன்னாங்க. அதுவுமில்லாம, என் டவுட்டுலருந்து விடுதலைன்னு நீ சொன்னதா கேள்விப்பட்டேன்."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். மைக்செட்டு என்னைப் பார்த்தாள். நான் யாரிடமோ சிரிப்புக்குச் சொன்னது அவர் காதுக்குப் போயிருக்கிறது.

அன்று மாலை மேடம்காரர் போன் செய்தார். குரலில் ஒரே உற்சாகம்.

"மேடம், அந்தத் தண்ணீர் செய்தி இதுவரைக்கும் எதுவும் போகாத அளவுக்குப் போயிருக்கு! எல்லாரும் கேட்டிருக்காங்க."

"தப்பாக் கேட்டிருக்காங்க சார்."

"சின்னத் திருத்தம்தானே, போட்டுடலாம். கேட்டாங்களா இல்லையா, அதுதான் மேடம் கணக்கு."

"அவங்க திரும்பக் கேள்வி கேட்க ஒரு வழி வெக்க முடியாதா?"

"அவ்வளவு பேரும் பேச ஆரம்பிச்சா யாரு மேடம் உட்கார்ந்து கேட்கறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். கெட்ட மனுஷன் இல்லை.

அடுத்த நாள் செய்தியைப் படித்து முடித்துவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தாள். "இதுல எது புரியலன்னாலும் மாடிப்படிக் கடைக்கு வந்து கேளுங்க. கதவு திறந்தே இருக்கும்." அனுப்பிவிட்டு, சேனலில் தன் குரலைப் போட்டுக் கேட்டாள். அந்த வரி இல்லை. வெட்டின இடமே தெரியவில்லை; மெத்தை விளம்பரம் அழகாக வந்து உட்கார்ந்திருந்தது.

"நல்லாத்தான் தெச்சிருக்காங்க பெரியம்மா" என்றாள். "தையல் வெளிய தெரியவே இல்ல."

அதற்கு மறுநாள் அவள் பேசி அனுப்பவில்லை. மேடம்காரர் பல தடவை கூப்பிட்டுவிட்டு ஓய்ந்தார். இப்போது அந்தச் சேனலில் வேறொரு பெண்ணின் குரல் வருகிறது. இனிமையான குரல். இவள் அதைக் கேட்கும்போது உதடு தானாக அசைவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஆசை போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜன்னல் போர்வையை மடித்து வைத்துவிட்டுப் புதுக் குரூப் ஒன்று ஆரம்பித்தாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர், "திரும்ப எப்போ மூடுவ?" என்று குத்திக் காட்டிவிட்டு வந்தார்கள். டவுட்டு மாமா மட்டும் வரவில்லை. நான் என் வாயால் வந்த வினை என்று எதிர் வீட்டுக்குப் போய், அவர் அக்கா கட்டிலருகே உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். "அவன் கேள்வி கேட்கலன்னா செத்துப்போவான், வருவான் போ" என்றாள் அக்கா. பிறகு அவர் பெயர் குரூப்பில் வந்தது. ஆனால் ஆள் வாயைத் திறக்கவில்லை. இவள் கரண்டைப் பற்றிச் சொன்னாள், டாக்டரைப் பற்றிச் சொன்னாள். ஒரு கேள்வியும் இல்லை.

"என் மேல இன்னும் கோவம் பெரியம்மா."

ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடப் பேண்ட் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தவள், நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். மெஷினை வேண்டுமென்றே மிதித்துக்கொண்டே பேசினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. நாளைக்குத் தண்ணி வரும்."

அவ்வளவுதான் சொன்னாள். போனை நூல்கண்டு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் யாரோ கும்பிடு போட்டார்கள், கட்டைவிரலைக் காட்டினார்கள். அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், கோக்க வரவில்லை.

டிங் என்றது. எதிர் வீட்டிலிருந்து.

"வரும்னா, குழாய்லயா, வீட்டுக்குள்ளயா?"

அவள் சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனாள்.

"குழாய்லதான் மாமா. எல்லாரும் பிடிச்சு வெச்சுக்கோங்க. வேற ஏதாவது டவுட்டு?"

"இருக்கு" என்று வந்தது. "எத்தனை மணிக்கு?"