யசோதாவின் ஒன்றரை ஏக்கர்

யசோதாவை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் எரிச்சல்தான் வரும். அழுகை அதற்குப் பிறகுதான்.

கண்டியில் ஒரு அச்சகத்தில் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து எழுத்துப்பிழை பார்த்தோம். அவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. நான் கட்டுகஸ்தோட்டை ஜமால்தீனின் மகள் ரபீகா. கிழமை நாட்களில் எங்கள் வீட்டு மேலறையில் தங்குவாள், சனிக்கிழமை பஸ் ஏறி அப்பா அழகரிடம் போய்விடுவாள். தாய் இல்லாத பிள்ளை.

1981இல் அச்சகத்துக்கு வந்த ஒரு சஞ்சிகையில் அந்த அறிவிப்பைப் பார்த்தாள். தென்னிந்தியாவில், மொட்டையாகிப்போன ஒரு செம்மண் மேட்டில், பல நாட்டுக்காரர்கள் கூடிக் குடியிருந்து காடு வளர்க்கிறார்களாம். விரும்பினால் ஒரு வருடம் தங்கிப் படிக்கலாமாம். இவள் எழுதிப் போட்டாள், அவர்களும் வரச்சொல்லிவிட்டார்கள். தோட்டத்தில் இருந்து இந்தியாவுக்கு இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி கோச்சி வண்டி ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால் இவள் படிக்கத்தான் போகிறேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் காதில் ஏறவில்லை. கண்டி ஸ்டேஷனுக்கே வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துத்தான் அனுப்பினார்கள்.

போனவள் சொன்னபடி திரும்பி வந்தாள். வந்தவள் எங்களை நிம்மதியாக இருக்கவிட்டாளா? மரக்கறித் தோலை வெளியே போடக்கூடாது. பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்ற வேண்டும். உம்மா ஒருநாள் பொறுமையிழந்து, "இந்தப் புள்ள இந்தியாவுக்குப் போய் குப்பை பொறுக்கவா படிச்சிட்டு வந்திருக்கு?" என்று கேட்டே விட்டார். யசோதா சிரித்தாள். அங்கே படிப்பித்த வெள்ளைக்காரர் ஒரு விஷயத்தைத் தினமும் சொல்வாராம்: மண்ணை ஒருநாளும் வெயிலுக்குக் காட்டக்கூடாது. இதை எனக்கு மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

தோட்டத்துக்கு மேலே, தேயிலை பிடுங்கிக் கைவிட்ட ஒரு சரிவு கிடந்தது. அலைந்து திரிந்து, காணி அலுவலகத்தில் ஒன்றரை ஏக்கருக்கு ஓராண்டு அனுமதி வாங்கினாள். காடு பிடித்தால் அனுமதி நீளும், பிடிக்காவிட்டால் காணி போய்விடும். 1982 ஐப்பசி மழையோடு நாவல், மருது, சப்பு, காட்டுப்பலா என்று ஆயிரக்கணக்கில் விதைகளை, அங்கே மண்டிக் கிடந்த மானாப்புல்லுக்கு நடுவிலேயே ஊன்றினாள். புல்லின் நிழலில்தான் குருத்து பிழைக்கும் என்பது அவள் படித்த பாடம். பாதை ஓரத்தில் மட்டும் இருபத்திமூன்று கன்றுகளை நட்டுக் கம்பு ஊன்றிக் கட்டினாள். தூரத்தில் இருந்து பார்த்தால் அந்தக் கன்றுகளும் புல்லும்தான் தெரியும். குனிந்து புல்லை விலக்கினால் அடியில் விரல் உயரத்துக்கு அத்தனை குருத்துகள். ஒருமுறை நானே பார்த்து வாயைப் பிளந்தேன்.

அழகர் முப்பது வருடம் அந்தத் தோட்டத்தில் புல்லுவெட்டியவர். தேயிலை மலையில் தேயிலை தவிர எது முளைத்தாலும் சுரண்டியால் வழித்தெடுப்பதுதான் அவருடைய தொழில். அழகர் வெட்டின மலையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று கணக்கப்பிள்ளையே சொல்வாராம். மகளின் சரிவைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார்.

"ஆயி, நான் ரெண்டு கிழமையில வெட்டிக் குடுத்துர்றேன்."

"வேணாம்ப்பா. நீங்க தொடாதீங்க. சும்மா இருங்க."

இவ்வளவுதான் அவள் சொன்னது. வயதான காலத்தில் தன்னைக் கஷ்டப்படுத்த மகளுக்கு மனமில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

1983 ஆனி மாதம் காணி அலுவலர் வந்தார். வரம்பில் நின்று பார்த்துவிட்டு, இது காடில்லை, கைவிட்ட காணி, மூன்று மாதத்தில் சரிப்படுத்தாவிட்டால் அனுமதி ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார். கீழே குனிந்து பாருங்கள் என்று யசோதா கெஞ்சினாள். அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் புல் ஒட்டும் என்று வரம்பை விட்டு இறங்கவில்லை. அழகர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்; அவர் மனதில் ஏறியது ரத்து என்ற சொல் மட்டும்தான்.

அடுத்த மாதம் கலவரம். கண்டியில் தமிழ்க் கடைகள் எரிந்தன. யசோதாவை மேலறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாப்பா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். தோட்டத்துக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை, தந்தி போகவில்லை. பதினோராம் நாள் பஸ் ஓடத் தொடங்கியது. அவள் பையைத் தூக்கினாள்.

"இன்னம் கொஞ்ச நாள் இரி யசோ. பாதையில என்ன நடக்குதோ."

"அப்பா தேடுவாரு ரபீகா."

"நீ உசிரோட போனாத்தானே அவருக்கு நல்லம்."

நான் அழுது அடம்பிடித்து அவளை இன்னும் ஏழு நாள் நிறுத்தி வைத்தேன்.

பதினெட்டாம் நாள் நானும் கூடப் போனேன். லயத்தில் அழகர் இல்லை, சரிவில் இருக்கிறார் என்றார்கள். மேலே ஏறினோம். ஒன்றரை ஏக்கரும் துடைத்துவைத்தது போல் சிவப்பாகக் கிடந்தது. ஒரு புல் இல்லை. பாதை ஓரத்தில் இருபத்திமூன்று கம்புகளும் அவற்றில் கட்டிய கன்றுகளும் மட்டும் வரிசையாக நின்றன. நடுவில் சுரண்டியோடு நின்ற மனிதர் மகளைக் கண்டதும் அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"நீ இருக்கியா இல்லியான்னே தெரியல ஆயி. வீட்டுல இருந்தா பைத்தியம் புடிச்சிரும் போல இருந்துச்சு. விடிஞ்சா இங்க வந்துருவேன். நீ வாறப்ப மலை துப்புரவா இருக்கணும், காணியும் போயிரக்கூடாதுன்னு வெட்டுனேன்." பிறகு கம்புகளைக் காட்டினார். "நீ வச்ச கன்னு ஒண்ணக்கூடத் தொடல."

யசோதா சரிவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "நல்லா இருக்குப்பா" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கீழே இறங்கும்போது அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏன் சொல்லல்ல நீ? இனியாவது சொல்லித் தொலை!"

"நான் செத்தேனா இருக்கேனான்னு தெரியாம வெட்டியிருக்காரு. அவருக்கிட்ட என்னத்தச் சொல்ல?"

மேல் பாதியை அவர் முதல் பதினொரு நாளில் வெட்டினாராம். கீழ்ப் பாதியைக் கடைசி ஏழு நாளில். அந்த ஏழு நாளுக்கு நான்தான் பொறுப்பு. இதை யசோதா ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை, அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

புரட்டாசியில் காணி அலுவலர் மறுபடி வந்தார். இப்போதுதான் காணி காணி மாதிரி இருக்கிறது என்று பாராட்டி, ஐந்து வருடத்துக்கு அனுமதியை நீட்டினார். குருத்துகள் இருந்தபோது கொடுக்காத மனிதர்! அந்தக் கடிதத்தைக் கிழித்து அவர் முகத்தில் வீச வேண்டும் போல் இருந்தது எனக்கு. யசோதா அதை மடித்து வைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் நாங்கள் போனபோது சரிவில் கல் தெரிந்தது. கம்பு கட்டிய கன்றுகளில் பாதி சாய்ந்து கிடந்தன. அடியில் இருந்த கான் வாய்க்காலில் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஓடியது. அழகர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கானுக்குள் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றை அள்ளி மேட்டில் போட்டார். போடப் போட அது வழிந்து இறங்கியது.

"தோட்டத்துக் கான்ல முப்பது வருசம் இப்படித்தான் ஓடுச்சு" என்றார் நிமிராமல். "துரை மண்ணு, போனா போகட்டும்னு இருந்தேன்."

அப்போதுதான் யசோதா சொன்னாள். புல்லைப் பற்றி, நிழலைப் பற்றி, அடியில் இருந்த குருத்துகளைப் பற்றி. மழையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அழகர் சேற்றுக் கையோடு கேட்டுக்கொண்டே நின்றார்.

"கடல் தாண்டியெல்லாம் போய் ஒரு வருசம் படிச்சியே ஆயி," என்றார் கடைசியில். "எனக்கு ஒரு நாள் இதச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கானுக்குள் இறங்கி அவரோடு சேர்ந்து அள்ளத் தொடங்கினாள்.