பிளக்குக்கு இட்ட சந்தனம்

என் படகு இன்ஜினில் அடுத்தவன் கை வைக்க நான் விட்டதில்லை. தன் ஊருக்குத் திரும்பக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது அது. மயிலாப்பூரில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் கார் வாங்கினார்கள்; எனக்கு இந்தப் பைத்தியம்.

விஜயதசமியன்று மனைவியை அடையாற்றுக்குத் தென்கரையில் இருந்த அவள் அக்கா வீட்டுக்குப் படகில் அழைத்துப் போனேன். அவளுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. திரும்பும்போது, மேற்கே பெய்த மழையில் ஆறு பெருகியிருந்தது. நடு ஆற்றில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. படகு முகத்துவாரத்தின் பக்கம் இழுபட்டது. அதைத் தாண்டினால் கடல்தான்.

துடுப்பு எடுபடவில்லை. பிளக் கரி பிடித்திருக்கும் என்று இரண்டையும் கழற்றினேன். சூட்டில் விரல் பொத்துப்போயிற்று. கையோடு வைத்திருந்த புது பிளக்குகளை முடுக்கிவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. அலைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை தாங்காமல் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி கழற்றினேன். தீப்பொறி தாண்ட வேண்டிய இடுக்கில் ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. முகர்ந்தேன். சந்தனம். முதல் நாள் சரஸ்வதி பூஜையில் அரிவாள்மணை, தையல் மிஷின், என் ஸ்பானர் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள், இந்தப் புது பிளக்குகளையும் விடவில்லை.

“என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே?” என்று கத்தினேன். அவள் கொண்டை ஊசியை உருவித் தந்தாள். சுரண்டி, வேட்டியில் துடைத்து மாட்டினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதற்குள் முகத்துவாரத்து மணல் திட்டு கண்ணுக்கு நேரே வந்துவிட்டிருந்தது.

கரையேறியதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளையைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. “அசையறது,” என்று அவளே சொன்னாள். உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“பிளக்குக்குப் போய் யாராவது சந்தனம் இடுவாளா?”

“மத்ததுக்கெல்லாம் சும்மா ஒரு பொட்டு. இதுக்கு மட்டும் நன்னா வேண்டிண்டு, உள்ள அழுத்தி இட்டேன். நேக்கு இந்தப் படகுன்னாலே பயம்.”

“அதை முன்னாடியே சொல்லப்படாதோ?”

“சொன்னேனே,” என்றாள். “நீங்க இன்ஜினைப் பத்திப் பேசிண்டிருந்தேள்.”