தயாரில்லை என்று நான் சொன்னது

அவன் முதலாம் அணிக்குத் தயாரா என்று என்னிடம் கேட்டார்கள். அவன் பக்கத்தில் நிற்கும்போதே, இல்லை என்கிற மாதிரி ஒரு பதில் சொன்னேன். அது பொய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு டெனிஷ்காரனுக்கு விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் என்றால் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

நான் அப்போது டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். டெனிஷ்காரர் கிரிக்கெட் விளையாடுவார்கள் என்பதை அங்கே வேலை செய்த ஒரு பாகிஸ்தான்காரர்தான் சொன்னார். நான் நம்பவில்லை. அல்பர்ட்ஸ்லுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய புல்வெளி. இரண்டு உதைபந்தாட்ட மைதானங்களுக்கு நடுவே ஒரு சீமெந்துப் பட்டை. தள்ளுவண்டியில் கயிற்றுப்பாய் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்து, அதன்மேல் விரித்து, கரையில் ஆணி அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அதே பாயில்தான் விளையாடினோம். அடுத்த செவ்வாயே சேர்ந்துவிட்டேன்.

அந்தக் கிளப்பின் முதலாம் அணி நாட்டின் மேல்பிரிவில் விளையாடியது. இரண்டாம் அணியில் முழங்கால் பழுதான ஒரு பல் வைத்தியர், இரண்டு பாகிஸ்தான் பஸ் சாரதிகள், சிகரெட்டோடு களத்தில் நிற்கும் ஒரு வாத்தியார், இப்படியானவர்கள். நான் அதில் விக்கெட் கீப்பர். என் வாய் பொல்லாதது. பிடியை விட்டவனைத் தமிழில் ஏசுவேன். சொல் விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கும்.

அவனை நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வடமராட்சிப் பொடியன், இருபத்துமூன்று வயது, புரொண்பியில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. முதல் நாள் பயிற்சியில் பந்தை அவனிடம் கொடுத்தால், அவன் அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாயின் மேல் நடந்தான். குனிந்து நாலு ஆணிகளைக் கழற்றினான். பாயை இழுத்து இறுக்கித் திருப்பி அடித்தான். பாய் தொய்ந்து கிடந்தால் பந்து செத்துப்போகும், இறுக்கினால் எழும்பும். இத்தனை வருடம் அதில் விளையாடியவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு ஏழே அடி ஓடிவந்து ஒரு பந்து போட்டான். பல் வைத்தியர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான், அடுத்த கோடையும். இரண்டாம் பிரிவில் அவனுக்கு ஈடாக ஆள் இல்லை.

அவன் கல்யாணம் கட்டிப் பதினெட்டாம் நாள் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். மனைவி பருத்தித்துறையில் தன் தமையன் வீட்டில் இருந்தாள். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போய்க் கேட்கும்போதெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறுத்திருங்கள் என்றார்கள். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை மட்டும் கிடப்பில் போடும்படி மேலிருந்து ஓர் அமைச்சர் சொல்லியிருந்தார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது, எங்கேயோ மேசைக்குள் கிடக்கின்றன என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. பிறகு விசாரணை வந்தது, ஆட்சியே போனது, பேப்பர்களெல்லாம் பெரிய எழுத்தில் எழுதின. எழுதட்டும். அங்கே ஷெல் விழுந்துகொண்டிருந்தபோது இங்கே ஒருவன் கடுதாசிகளை எடுத்து மேசைக்குள் வைத்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒரு நாள் ரயிலில் அவன் கேட்டான்.

"அண்ணை, முதலாம் ரீம் மச் எண்டால் பேப்பரில போடுவினமாம். பேரோட."

"ஓம். போன கிழமை ஒருத்தன்ர பேர் வந்தது. எழுத்துப் பிழையோட."

"பிழையா வந்தாலும் பரவாயில்லை. வெட்டி அவவுக்கு அனுப்பலாம்."

"ஏன்ரா, நீ பந்து போட்டு அவ எங்கை பாத்தவ?"

"அதுக்கில்லை அண்ணை. நான் இஞ்ச வெள்ளைக்காரியோட இருக்கிறனாம், அதுதான் கூப்பிடேல்லையாம். தமையன் சொல்லுறாராம். நான் ஒவ்வொரு கடிதத்திலயும் பொறுத்திரு, பொறுத்திரு எண்டுதானே எழுதிறன். ஒண்டிலயாவது இஞ்ச ஏதோ நடந்தது எண்டு எழுதவேணும்."

"வெள்ளைக்காரி ஆரும் உன்னைத் திரும்பிப் பாத்தவையோ முதல்ல?"

சிரித்தான். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அணித் தெரிவைச் செய்பவர் ஒரு தபால்காரர். தாடி வைத்த பெரிய மனிதர், எப்போதும் அரைக்காற்சட்டை. ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிய எங்கள் இருவரிடமும் வந்தார். அவனைக் கையால் காட்டி என்னைக் கேட்டார்: "இவன் முதலாம் அணிக்குத் தயாரா?"

அவன் தலையைக் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

நான் சொன்னேன்: "ஏதோ போடுகிறான். இன்னும் கனக்கப் பழகவேண்டும்."

எங்கள் ஆட்கள் தங்களுடையதைத் தாங்களே புகழமாட்டார்கள். கறி நன்றாக இருக்கிறது என்றால் உப்புக் கூடிவிட்டது என்பார்கள். பிள்ளை வகுப்பில் முதலாவது வந்தால், ஏதோ பாடமாக்கி எழுதிவிட்டது என்பார்கள். புகழ்ந்தால் நாவூறு, கண்ணூறு படும் என்ற பயம் பாதி, பழக்கம் பாதி. கேட்கிற ஆள்தான் அதை மறுத்து, சும்மா சொல்லாதையுங்கோ, பொடியன் கெட்டிக்காரன் என்று சொல்லவேண்டும். அது அவருடைய வேலை. எங்கள் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவன் பெயரை எழுதியிருப்பார். தபால்காரருக்குத் தன் வேலை தெரியவில்லை. "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை கிளப் கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. அடுத்த கிழமையும் இல்லை. இரண்டாம் முறை பட்டியலைப் பார்த்துவிட்டு, அவன் என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

"பரவாயில்லை அண்ணை. காத்திருக்கிறது எனக்குப் புதுசே?"

எனக்குக் காதெல்லாம் சுட்டது. நேரே கிளப்புக்குள் போனேன். தபால்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பியரோடு மேசையில் இருந்தார்கள். என் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். ஏசுவதற்குப் போதும்.

"நீயும் உங்கள் அரசாங்கமும் ஒன்றுதான்," என்றேன். "எங்கள் பொடியனின் கடுதாசியை எடுத்து மேசைக்குள் வைத்துவிட்டாய்."

"எந்தக் கடுதாசி?" என்று கேட்டார். "கடுதாசியை மேசைக்குள் வைத்தால் என் வேலை போய்விடும்."

யாரோ சிரித்தார்கள். நான் மேசையில் அடித்தேன். அவன் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டேன். கறுப்பன் என்பதாலா என்றும் கேட்டேன்.

அவர் போத்தலைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல் பார்த்தார்.

"நீதானே சொன்னாய்? இன்னும் கனக்கப் பழகவேண்டும் என்று. நான் அவனுடைய பந்தைத் தூரத்தில் நின்று பார்க்கிறவன். நீ கையில் பிடிக்கிறவன். உன்னைக் கேட்காமல் யாரைக் கேட்பது?"

பக்கத்தில் ஒரு கதிரை இருந்தது. அதில் குந்திவிட்டேன். ஒன்றரை வருடமாக ஒரு காரணமும் சொல்லாமல் அவனைக் காக்கவைத்தவர்களை நான் எத்தனை கெட்ட வார்த்தையால் ஏசியிருப்பேன். அவன் பெயரை இந்த இரண்டு கிழமையும் மேசைக்குள் வைத்திருந்தவன் நான்.

"நான் பொய் சொன்னேன்," என்றேன்.

"ஏன்?"

"அது எங்கள் மரியாதை."

மேசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நாவூறைப் பற்றியும் உப்புக் கூடிய கறியைப் பற்றியும் எனக்குத் தெரிந்த டெனிஷில் சொன்னேன். தபால்காரர் தாடியைச் சொறிந்தார். "சரி. அப்படியென்றால் இப்போது உண்மையைச் சொல்."

கஷ்டமாக இருந்தது. ஏசுவதென்றால் எழுதி வைத்த மாதிரி வாயில் வரும். ஒருவனை நல்லவன் என்று பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல வாய் கூசியது. மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவன் தயார். போன வருடமே தயார். உன் முதலாம் அணியில் இருக்கிற மூன்று பேரைவிட நன்றாகப் போடுவான். அதில் ஒருவன் உன் மகன்."

தபால்காரர் போத்தலைத் திரும்ப எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு அவர் சொன்னார்: "இனி இரண்டு பேர் என்று சொல். என் மகனோடு நான் ஒரே வீட்டில் இருக்கவேண்டும்." எல்லோரும் சிரித்தார்கள்.

"குறை?" என்று கேட்டார்.

"மட்டை பிடிக்கத் தெரியாது. அம்பயரிடம் அவுட்டா என்று கத்திக் கேட்கவும் மாட்டான். வயதானவர்களிடம் சத்தம் போடக்கூடாது என்று நினைக்கிறான்."

அப்போதுதான் கண்டேன், அவன் கதவடியில் நின்றான். ஆணி கழற்றிய சுத்தியல் கையில். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

வீட்டுக்குப் போகும்போது ரயிலில், இரண்டாவது ஸ்டேஷன் தாண்டியதும் அவன் கேட்டான்.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்? நாவூறு படப்போகுது."

"படட்டும். பாப்பம்."

பிறகு இன்னுமொரு ஸ்டேஷன் போனது.

"மூண்டு பேரைவிட எண்டது உண்மையோ?"

"நாலு பேர். நாலாவது ஆள் மேசையில இருந்தவர், அதால சொல்லேல்லை."

அவன் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் தோளில் கையை வைத்தேன். அவன் இறங்கும்வரை எடுக்கவில்லை.

சனிக்கிழமை அவனுடைய முதல் ஆட்டம். மீன் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டு போய்ப் புல்லில் இருந்தேன். முதல் ஓவரிலேயே இரண்டு பந்துகள் கீப்பரின் தலைக்கு மேலாலே எல்லைக்குப் போயின. கீப்பர், நல்ல உயரமான ஒரு மாணவன், விக்கெட்டுக்குக் கிட்ட நின்றான். கொஞ்சம் பின்னுக்கு நில்லடா என்று கத்த வாயெடுத்தேன். அது என் அணி இல்லை. ஒரு ரோல்ஸை எடுத்து வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். இரண்டாம் ஓவரில் ஒருவன் அவன் பந்தை உதைபந்தாட்ட மைதானத்துக்கே அடித்தான். அவன் திரும்பி என் பக்கம் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

நாலாம் ஓவரில் ஒரு பந்து எழும்பி மட்டைக்காரனின் கையுறையில் பட்டுப் பக்கத்தில் நின்றவனிடம் போனது. பிடித்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு பந்து நேரே ஒருவனின் காலில் பட்டது. எங்கள் பொடியன் கத்திக் கேட்கவில்லை, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்காகப் பத்து டெனிஷ்காரர் தொண்டை கிழியக் கத்தினார்கள். அம்பயர் விரலை உயர்த்தினார்.

ஆட்டம் முடிய, உடுப்பு மாற்றும் அறையில் தபால்காரர் என்னிடம் வந்தார். "அடுத்த கிழமை?"

"அவனையே கேள்," என்றேன்.

கேட்டார். அவன் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சொக்ஸோடு நின்றான். என்னைப் பார்த்தான்.

"என்னை ஏன் பாக்கிறாய்? உன்னையெல்லே கேக்கிறார்."

அவன் தபால்காரரின் முகத்தைப் பார்த்து டெனிஷில் சொன்னான்: "நான் தயார். ஆனால் கீப்பர் இரண்டு அடி பின்னுக்கு நிற்கவேண்டும்."

கீப்பர் தன் கையுறையை எடுத்து அவன்மேல் எறிந்தான். அறை முழுக்கச் சிரிப்பு.

பேப்பரில் பெயர் வந்தது, இரண்டு எழுத்துப் பிழையோடு. வெட்டி அனுப்பினான். அது அவள் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அறிய மாதக் கணக்காகியது. அவள் வந்து இறங்கியது அதற்கும் பிறகு, கன காலம் கழித்து. அந்தக் காலத்தை ஆரும் அவனுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது.

அந்த முதல் ஆட்டத்துக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தக் கீப்பர் என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தான். பொடியன் மெதுவான பந்து போடப் போகிறான் என்பதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்று கேட்டான். எனக்குச் சொல்ல விருப்பமில்லை. இரண்டு கோடை விக்கெட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து அவன் பந்தைப் பிடித்து, விரல்கள் வீங்கி வீங்கிப் படித்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவன் எழுதிக்கொண்டான், பேனா கீறும் சத்தம் கேட்டது. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கடைசியாகக் கேட்டான்.

"காலையில் சாப்பிடாமல்தான் வருவான்," என்றேன். "பந்து போட முதல் ஒரு வாழைப்பழம் கொடு. வேண்டாம் என்பான். நீ கொடு."