வலி வேறு, காந்தல் வேறு

வெள்ளிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியவர் செபாஸ்டின் சாரின் மைத்துனர். "மாமா தவறிட்டாருங்க. அக்கா உங்ககிட்ட சொல்லிட்டு வரச் சொன்னாங்க" என்றார். அவரை உள்ளே வரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நம் பள்ளியில் அவரோடு பணியாற்றிய உங்களுக்கு அவரைப் பூகோள ஆசிரியராகத் தெரியும். உப்பிலியபுரம் பஸ்ஸின் மேலிருந்து புளி மூட்டையை இறக்கும்போது விழுந்து, முதுகுத்தண்டு முறிந்ததும் தெரியும். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் உணர்வில்லை. ஆனால் அதே கால்களில் சுண்டி இழுக்கும் வலி, தீப்பட்டது போன்ற காந்தல் என்று ஓயாத வேதனை. நம்மில் சிலரே அதை நம்பவில்லை. "மரத்துப்போன கால் எப்படி சார் வலிக்கும்?" என்று ஒருவர் கேட்டார்.

"கால் செத்துப்போச்சு சார். அதுக்குத்தான் இன்னும் சேதி போகல" என்றார் செபாஸ்டின்.

சிரித்தோம். அவர் மனைவி மேரி அம்மாள் சிரிக்கவில்லை.

சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தபோது நான் துணைக்குப் போனேன். வலியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புப் பாதையை முதுகுத்தண்டிலேயே அறுத்துவிடும் சிகிச்சை அது. எல்லோருக்கும் பலிக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "பாதி குறைஞ்சாலும் தூங்கிடுவேன்" என்று செபாஸ்டின் சம்மதித்தார்.

சில நாள் கழித்து டாக்டர் படுக்கையருகே நின்று, "வலி இருக்கா?" என்றார்.

"இல்லீங்க."

மேரி அம்மாள் அழுதுவிட்டார். நான் ஓடிப்போய் ஊருக்குத் தந்தி கொடுத்தேன். திரும்பி வந்தபோது மேரி அம்மாள் கணவரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காந்தல்?" என்று கேட்டார்.

"அது அப்படியேதான் இருக்கு."

"டாக்டர்கிட்ட இல்லைன்னீங்களே?"

"அவர் வலியைத்தானே கேட்டார்? சுண்டி இழுக்கிறது நின்னுடுச்சு. இது வலி இல்ல மேரி. அடுப்புல வச்ச மாதிரி காந்துது."

மறுநாள் அதைச் சொன்னதும் டாக்டர் அவர் கால்களை மறுபடி சோதித்துப் பார்த்தார். காந்தலைக் கத்தி எட்டவில்லை என்றார். இன்னும் மேலே அறுத்தால் கைகளுக்கும் மூச்சுக்கும் ஆபத்து. அப்போதும் காந்தல் போகுமென்ற உறுதியில்லை. "அறுங்க" என்றார் செபாஸ்டின். டாக்டர் மறுத்துவிட்டார். மறுத்தது சரியா என்று முடிவு செய்ய இன்றுவரை என்னால் ஆகவில்லை.

ஊர் திரும்பியதும், தந்திச் செய்தி கேட்டவர்கள் பழத்தோடு வந்தார்கள். எல்லோரிடமும் செபாஸ்டின் "வலி இல்லீங்க" என்றே சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"சந்தோஷமா வர்றாங்க சார். அதை எப்படித் திருப்பி அனுப்புறது?"

குணமாகிவிட்டவரைப் பார்க்க யார் வருவார்கள்? வருகை நின்றது. காந்தல் நிற்கவில்லை. கடைசியில் படுக்கைப் புண்ணும் சிறுநீரகமும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயின.

கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெரியவர், "இனிமே அவருக்கு வலி இல்லம்மா" என்று மேரி அம்மாளைத் தேற்றினார். அந்த அம்மாள் தலையசைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் "காந்தல்?" என்று கேட்டாரே, அதைத்தான் கேட்க நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். பதில்தான் தெரியவில்லை. செபாஸ்டின் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்வி.