நுனியைக் கிள்ளிய ஊட்டிப் பூ

என் மகள் மீன்சுருட்டியில் வாக்கப்பட்டவள். கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போய்விட்டு வந்து, தலைப்பாகை அளவில், நீலமாக ஒரு பூவைப் பார்த்தேன் என்று ஒரு வாரம் அதையே பேசினாள். அவள் உண்டாகியிருக்கும் சேதி ஐப்பசியில் வந்தது. பங்குனியில் எங்கள் வீட்டில் வளைகாப்பு. அன்றைக்கு அவள் நாற்காலிப் பக்கத்தில் அந்தப் பூ பூத்து நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மூளை இருக்கிறவன் வளையல் வாங்கியிருப்பான்.

சிறுவாச்சூர் ரோட்டோரம் செடி விற்கிறவரிடம் கன்று கிடைத்தது. ஹைட்ரேஞ்சியாவாம். பெயரைச் சொல்லிப் பழகுவதற்குள் இரண்டு தடவை தும்மினேன்.

"நம்ம வெயிலுக்கு இது தாங்காதுங்க."

"நானே தாங்குறேன், இது தாங்காதா?"

வளர்க்கும் முறை அச்சடித்த தாள் ஒன்றும் கொடுத்தார். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன்தான் நான். மழை விட்டதும் வந்துவிட்டேன். இருபது வருஷமாக எனக்கு வரும் தாளையெல்லாம் படித்துச் சொல்பவன், என் வயலுக்குப் பக்கத்துக் காட்டில் பயிர் வைக்கும் கூட்டாளி. அவனிடமே கொடுத்தேன்.

"காலை வெயில் மட்டும் படணும். அடித் துளிரைக் கிள்ளி, ஒத்தத் தண்டா மரம் மாதிரி ஏத்தணும்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம், பருத்திக்குக் கிள்ளுற மாதிரி நுனியைக் கிள்ளணுமாம், மாப்ள."

பருத்தி எனக்குத் தெரிந்த வேலை. நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடிக்கும், காய் கூடும். பூந்தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்து இரண்டு வேளையும் ஊற்றினேன். காய்ந்த குச்சியைப் பிளேடால் சீவினேன். நுனி தடிக்கத் தடிக்கக் கிள்ளினேன். அவனும் வந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் கிள்ளு" என்பான். பொண்டாட்டிக்கு நான் ஒரு சொம்பு தண்ணீர் மோந்து கொடுத்ததில்லை. அவளே சொல்லிக் காட்டினாள்.

செடி குடைபோல் விரிந்தது. எல்லாம் இலை. ஆடு பார்த்தால் கும்பிடும்.

வளைகாப்பன்று மகள் இலைக்குள் கையை விட்டுப் பூவைத் தேடினாள்.

"தாள்ல போட்டபடிதான் செஞ்சேன் தாயி" என்று தாளை எடுத்துக் கொடுத்தேன்.

படித்தாள். "யப்பா, நுனியைக் கிள்ளக் கூடாதுன்னுல்ல போட்டிருக்கு. மொட்டு அங்கதான் இருக்குமாம்."

பந்தியில் சாம்பார் வாளியோடு நின்ற பக்கத்துக் காட்டுக்காரனிடம் போய்க் கேட்டேன். வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"நீ மட்டும் என் மாமனாருக்குப் போன் போட்டு, நான் சாமியாராப் போயிட்டேன்னு சொல்லல? வெளையாட்டுக்கு வெளையாட்டு, மாப்ள!"

பந்தியே சிரித்தது. ஊரைச் சிரிக்க வைக்கிறவன் அங்கே முறைத்துக்கொண்டு நிற்க முடியுமா? நானும் சிரித்தேன், எல்லாரையும் விடச் சத்தமாக. ஆனால் நான் அவன் மாமனாரை ஏமாற்றியது ஒரு மத்தியானம். இவன் ஏமாற்றியது நாலைந்து மாசம், அதுவும் எனக்குத் தெரியாத எழுத்தை வைத்து.

"விடுப்பா, இலையும் அழகாத்தான் இருக்கு" என்றாள் மகள். அதுதான் கூடுதலாக எரிந்தது.

மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். மறுவாரம் பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஒரு தாள் வந்தது. வரப்பில் நின்றவன் வழக்கம்போல் கையை நீட்டினான்.

"குடு மாப்ள, என்னன்னு பாப்போம்."

"வூட்டுல புள்ள இருக்கு, அது படிக்கும்."

தாளை மடித்து இடுப்பில் செருகினேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.