பந்தயத்துக்கு முதுகு காட்டி நின்றவன்

எங்கள் அச்சன்புதூர் சேக் மைதீன் பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் ஒரு கார் பந்தயத் திடலில் வேலை பார்த்தான். ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், நடந்தது அதுதான்.

அவன் வேலை, வேலிக்கு முன்னால் நிற்பது. முகம் கூட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கார் ஓடும். யாராவது வேலியில் ஏறினால் இறக்கிவிட வேண்டும். கூட நின்ற பெலிக்ஸ் ஆசைப்பட்டு ஒருநாள் திரும்பிப் பார்த்தான். மறுவாரமே அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மைதீன் கழுத்தைக்கூட அசைக்கவில்லை.

பந்தயத்தை அவன் முகங்களில்தான் பார்த்தான். இத்தாலிக்காரன் தலையில் கை வைத்தால் சிவப்புக் கார் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம். ஜப்பான்காரர்கள் தோற்றவனுக்கும் எழுந்து நின்று கைதட்டுவார்களாம். அரபிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்குமாம். மலையாளிகள் மட்டும் யார் ஜெயித்தாலும் தங்கள் ஆள் ஜெயித்த மாதிரி கத்துவார்களாம். அவன் பெண்டாட்டி அலிமா இறந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி நான்தான் அவனுக்குச் சோறு போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே இதையெல்லாம் சொல்வான்.

ஊருக்கு வந்தபின் குற்றாலம் சீசனில் கார் நிறுத்துகிற இடத்தில் வேலைக்கு நின்றான். பக்கவாட்டில் வந்த வண்டி தெரியாமல் இரண்டு தரம் அடிபடப் பார்த்தான். கண்ணில் பிரஷர். போன பார்வை வராது, மிச்சமும் வருஷத்துக்குள் போய்விடும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட்டார். மைதீன் அழவில்லை. அதற்குள் ஒரு பந்தயத்தையாவது பார்த்துவிட வேண்டும் என்றான்.

மகன் முஃபீத் கோயம்புத்தூரில் ஒரு பந்தயத்துக்கு முன்வரிசை டிக்கெட் எடுத்தான். அவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் நானும் கூடப் போனேன்.

கார் சத்தம் தூரத்தில் கேட்டதுமே மைதீன் எழுந்தான். திரும்பினான். இரண்டு கையையும் அகல விரித்து, கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டான்.

முஃபீத் அவன் தோளைப் பிடித்தான். “வாப்பா, அங்கன பாருங்க.”

தோள் கட்டையாக இருந்தது.

“ஏலே மைதீனு, இங்கன ஒன்னய யாரும் ஊருக்கு அனுப்பமாட்டாவ. திரும்புலே,” என்றேன்.

“திரும்பத்தான்க்கா பாக்கேன். காலு வரமாட்டேங்கு.”

பின்னால் இருந்த ஒருத்தன், “உக்காருங்க பெரியவரே, நாங்க எங்கயும் ஓடிர மாட்டோமுங்க,” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். கடைசிக் கார் போகும்வரை மைதீன் அப்படியேதான் நின்றான். முஃபீத் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அடுத்த ஆனியில் பார்வை முழுக்கப் போய்விட்டது.

இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் தென்காசி ரோட்டு டீக்கடையில் டிவியில் பந்தயம் வைக்கிறார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அவன் நாற்காலியை டிவி பக்கம் பார்க்கப் போடுவேன். சத்தம் வந்ததும் அவன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொள்வான்.

“எல்லார் மூஞ்சியும் எப்படிக்கா இருக்கு?” என்று கேட்பான்.

எல்லாரும் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை நான் அவனிடம் சொல்வதில்லை. மறுவாரமும் நாற்காலியை டிவி பக்கம்தான் போடுகிறேன்.