பல்லியைத் தொட்டுவிட்டு நேராக வீட்டுக்கு

காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீடு இருந்தாலே போதும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாம்தான் டூரிஸ்ட் கைடு. காலையில் கோயில், புடவைக் கடை. சாப்பிட்டதும் மாமல்லபுரத்துக் கடற்கரை, அதைத் தாண்டி முதலைப் பண்ணை. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும் முதலைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். அவற்றை எழுப்பி யாரும் டீ போடச் சொல்வதில்லை.

தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி, கேட்டது கடல் மட்டும்தான். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் அவர் இன்னும் கடலைப் பார்த்ததில்லை. வரும்போதெல்லாம் யாருக்காவது கல்யாணப் புடவை எடுப்பதிலேயே பொழுது போய்விடும். இந்த முறை தனியாக வந்திருந்தார். மறுநாள் காலை ஊருக்குப் போக வேண்டும். நாள் வாடகைக்குக் கார் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். கோயில் நடையை மதியம் சாத்திவிடுவார்கள், கடலுக்கு நடை சாத்துவதில்லை. அதனால் முதலில் பெருமாள் கோயில்.

ஊரில் மாசமாக இருக்கும் அண்ணியின் மகள் தலையில் பல்லி விழுந்துவிட்டதாம். தோஷம் கழிய அண்ணி படியேறி, கூரையில் பதித்திருக்கும் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டார். வெளியே வந்ததும் பூக்கார அம்மாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"பல்லி தொட்டீங்களாம்மா? அப்போ நேரா வூட்டுக்குப் போவணும். வேற எங்கியும் போவக்கூடாது."

அவ்வளவுதான். அண்ணி காரை வீட்டுக்கு விடச் சொல்லிவிட்டார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. முட்டி வலி உயிரை வாங்கியது. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் பாயை விரித்தேன். அண்ணியும் பக்கத்தில் படுத்தார். எனக்குக் கண் சொக்கும் நேரத்தில் கேட்டார்.

"அலை வந்தா காலுக்கடியில மண்ண இழுத்துக்கினு போவுமாமே, நெஜமாவா?"

"போவும் அண்ணி."

"பயமா இருக்குமா?"

தூக்கம் போய்விட்டது. யார் மேல் என்றில்லாமல் கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்தேன்.

"கிளம்புங்க அண்ணி. நேரா வூட்டுக்கு வந்தாச்சு, பல்லிக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. டிரைவர் வாசல்லதான் தூங்கிக்கினு இருக்காரு."

"இது எப்படிம்மா கணக்காவும்? என் வூடு அங்க இருக்குது."

"அத்தை போனப்புறம் உங்களுக்குப் பொறந்த வூடு எது? இதுதானே? இல்ல, நான் என்ன சத்திரமா நடத்துறேன்?"

அம்மா போன பிறகு 'பொறந்த வூடு' என்ற வார்த்தையை அண்ணியிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மாத்துப் புடவை ஒண்ணு எடுத்துக்கவாம்மா? நனைஞ்சிடுமில்ல."